முகட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

நான் எலும்பு வார்டில் நர்ஸ். ஐப்பசியில் முதல் மழை விழுந்த மறுநாள் எங்கள் வார்டில் கட்டில் கிடைக்காது. கூரையிலிருந்து விழுந்து வருகிறவர்களைப் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவேன். பைக்கில் விழுந்தவன் எதிரே வந்தவனைத் திட்டிக்கொண்டே வருவான். கூரையிலிருந்து விழுந்தவனுக்குத் திட்ட ஆள் கிடையாது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டால் எல்லோரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள். "சும்மா ஒரு சீட்டு மாத்தலாம்னு ஏறினேன் சிஸ்டர்." இந்தச் சும்மாவுக்கு இதுவரை எத்தனை பிளேட்டு, எத்தனை ஸ்க்ரூ போட்டிருப்பார்கள் என்று எங்கள் டாக்டர்களைத்தான் கேட்க வேண்டும்.

அதனால் எங்கள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் சீட்டுக் கூரை ஒழுக ஆரம்பித்தபோது எனக்குத் தண்ணீரைப் பற்றிய கவலை பெரிதாக வரவில்லை. என் வீட்டுக்காரர் ஒருநாள் சும்மா ஏறிவிடுவாரே என்கிற பயம்தான் வந்தது. டூட்டியில் ஸ்ட்ரெச்சர் சத்தம் கேட்டாலே எட்டிப் பார்ப்பேன், நம்ம ஆளோ என்று.

வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாகூருக்கும் கரியமாணிக்கத்துக்கும் நடுவே நெல்லும் கரும்பும் போடுகிற ஊர் எங்களுடையது. மாமனார் கட்டிய ஒரே வீட்டை அண்ணன் தம்பி இரண்டு பேரும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். நடுவில் ஒரு சுவர் எழுப்பி, வடக்குப் பாதி மூத்தாருக்கு, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணனுக்கு. தெற்குப் பாதி எங்களுக்கு. அவர்கள் வாசல் வடக்குத் தெருவில், எங்கள் வாசல் தெற்குத் தெருவில். வீட்டுக்குக் கிழக்கே இரண்டு தெருவையும் சேர்க்கிற மாதிரி ஒரு சின்னச் சந்து; அதன் ஓரமாக இரண்டு வீட்டுச் சாக்கடையும் ஓடும். போர் மோட்டார், மாட்டுக் கொட்டகை, முருங்கை மரம், அந்த மரத்தில் எந்தக் கிளை யாருக்கு என்பது வரை ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பிரித்தார்கள். கூரையின் முகட்டை மட்டும் யாரும் நினைக்கவில்லை. இரண்டு சரிவும் சேருகிற அந்த உச்சி யாருக்குச் சொந்தம் என்கிற கேள்வியே, அதன்மேல் ஒரு தென்னை மட்டை விழுந்து முகட்டு மூடியில் விரிசல் விட்ட பிறகுதான் வந்தது.

விரிசலில் இறங்கிய தண்ணீர் பாகுபாடு பார்க்கவில்லை. நடுச்சுவரின் இரண்டு பக்கமும் சமமாக வழிந்தது. எங்கள் பக்கம் ஒரு குண்டான், அவர்கள் பக்கம் ஒரு பக்கெட். அப்போதே ஆள் வைத்து அடைத்திருக்கலாம். ஆனால் முகட்டைத் தொட வேண்டுமானால் அடுத்தவர் பக்கச் சீட்டின்மேல் கால் வைத்தே ஆக வேண்டும். அதற்கு ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அண்ணனும் தம்பியும் மூன்று வருஷமாகப் பேசுவதில்லை.

காரணம் ஒரு பேனர். மூத்தார் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் பேனர் இல்லாமல் ஒரு காது குத்துகூட நடக்காது. இது பெரிய விழா, முக்குக்கு முக்கு பேனர். அதில் மூத்தார் மனைவியான என் ஓரகத்தியின் தம்பி, கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு ஆள் உயரத்துக்கு நிற்கிறார். பெண்ணுக்குச் சொந்தச் சித்தப்பாவான என் வீட்டுக்காரர் கடைசி வரிசையில், தபால் தலை அளவில், பேனர் அச்சடித்த கடையின் போன் நம்பருக்குப் பக்கத்தில் இருந்தார். அதுவும் நம்பர் அவர் நெஞ்சின்மேல் ஏறியிருந்தது. தவளக்குப்பம் முக்கில் பைக்கை நிறுத்தி அதைப் பார்த்துவிட்டு வந்தவர், விழாவுக்குப் போனார், மொய் வைத்தார், சாப்பிட்டார், பேச்சை நிறுத்திவிட்டார். அண்ணனும் ஏன் பேசவில்லை என்று கேட்கவில்லை. கேட்காததற்குச் சேர்த்து இவர் இன்னும் பேசவில்லை.

பெண்கள் நாங்கள் அந்தச் சண்டையில் சேரவில்லை. ஓரகத்தியும் நானும் சந்தில் நின்று குழம்பு மாற்றிக்கொள்வோம், அவரவர் புருஷனைத் திட்டிக்கொள்வோம். ஆனால் எனக்கும் மூத்தாருக்கும் பேச்சுக் கிடையாது. அது சண்டை இல்லை, மரியாதை. தம்பி பெண்டாட்டி மூத்தாரிடம் நேருக்கு நேர் பேசக்கூடாது என்பது இந்த வீட்டு வழக்கம். இந்தக் காலத்தில் யார் பார்க்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். முதல் வருஷம் கூச்சத்தில் பேசவில்லை. அப்புறம் பேச ஆரம்பித்தால் ஏன் இப்போது என்று கேட்பார்களோ என்று விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரையே கையைக் கழுவிவிட்டு வரச் சொல்லுகிற நான், வீட்டில் மூத்தார் எதிரே வந்தால் ஒதுங்கி நின்றுவிடுவேன்.

இரண்டு மழைக்காலம் இப்படியே போயிற்று. கூரை வேலை செய்கிற ஒருவரைக் கூப்பிட்டோம். ஏணியில் பாதி ஏறியதும் தெற்கிலிருந்து ஒருவர் வடக்கே கால் வைக்காதே என்றார், வடக்கிலிருந்து ஒருவர் தெற்கே கால் வைக்காதே என்றார். அவர் இறங்கி, டீகூடக் குடிக்காமல் போய்விட்டார். அடுத்த தடவை மூத்தார் தன் பக்கத்தை மட்டும் காப்பாற்றிக்கொள்ள, அந்த மஞ்சள் நீராட்டு பேனரையே எடுத்துச் சரிவின்மேல் விரித்துக் கட்டினார். படம் கீழே பார்க்கிற மாதிரி கட்டியிருந்தார். மட்டை விழுந்ததில் முகட்டோரம் சீட்டும் கொஞ்சம் ஒடிந்திருந்த இடத்து வழியாக, அவர் கட்டிலில் படுத்தால் மேலேயிருந்து என் வீட்டுக்காரர் போன் நம்பரோடு பார்த்துக்கொண்டிருப்பார் என்று ஓரகத்தி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

சிரிப்பு நின்றது ஓரகத்திக்கு ஷாக் அடித்த அன்று. நடுச்சுவரில் இறங்கிய ஈரம் மெயின் பாக்ஸ் வரை வந்திருக்கிறது. மிக்ஸி போடப் போனவளைச் சுவர் பிடித்துத் தள்ளிவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் அன்று சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் சந்தில் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். முகட்டை அடைக்கும் வரை இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியாது. கரண்டையும் அணைத்துவிட்டோம். ஆண்கள் ஒரு நாள் பொறுத்தார்கள். இரண்டாம் நாள் ஹோட்டல் இட்லியில் கல்லைக் கண்டதும் இருவரும் ஒரே நேரத்தில் வழிக்கு வந்தார்கள்.

முகட்டு மூடியை இரண்டு பாதியாக விற்பார்கள். கீழ்ப் பாதியை ஒரு சரிவிலும் மேல் பாதியை மறு சரிவிலும் வைத்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிற மாதிரி போல்ட் போட வேண்டும். ஆளுக்கு ஒரு பாதி வாங்கிக்கொள்வது என்று ஓரகத்தியும் நானும் பேசி அனுப்பினோம். எங்களவர் தவளக்குப்பத்தில் வாங்கினார், மூத்தார் வில்லியனூர் வரை போய் வாங்கினார். இரண்டு பேரும் மேல் பாதியையே வாங்கி வந்திருந்தார்கள். அவனுடையது ஏன் என்னுடையதின்மேல் ஏறணும் என்பது இரண்டு பக்கத்திலிருந்தும் வந்த ஒரே பதில். யாராவது ஒருவர் மாற்றி வாங்கியாக வேண்டும், யாரும் அசையவில்லை. கடைசியில் ஓரகத்தி தன் புருஷனிடம், மேலே இருப்பது சும்மா தொப்பி, கீழ்ப் பாதிதான் மொத்தத்தையும் தாங்குவது, அதற்குத்தான் வீட்டுக்கு மூத்தவர் வேண்டும் என்றாள். அவர் அன்றே போய் மாற்றிக்கொண்டு வந்தார். நான் என்னவரிடம் நம்முடையதுதான் மேலே என்று மட்டும் சொன்னேன். இரண்டு பேரும் திருப்தியாகத் தூங்கினார்கள்.

அடுத்தது யார் ஏறுவது. ஆள் வைத்தால் பழைய கதைதான். அவரவர் சரிவில் அவரவர் ஏறுவது என்று முடிவாயிற்று. என் வார்டில் படுத்திருக்கிற எல்லா முகத்தையும் ஒருமுறை நினைத்துக்கொண்டு சட்டம் போட்டேன். மழை நின்று சீட்டு காய்ந்த பிறகுதான் ஏறணும். செருப்போடு ஏறக்கூடாது. வெறும் சீட்டில் கால் வைக்கவே கூடாது. கீழே சீட்டைத் தாங்கும் கம்பி ஓடுகிற இடத்தில், போல்ட் வரிசையைப் பார்த்துப் பலகை போட்டு, பலகைமேல்தான் நடக்கணும். ஏணியை வாசல் தூணோடு கட்டிவிட்டுத்தான் ஏறணும். விரித்து வைத்த பேனரை உருவிவிடணும், அது வழுக்கும். ஏறும் முன் ஊதிக் காட்டணும். புதுச்சேரியில் இருந்துகொண்டு இந்த ஒரு சட்டத்தை மட்டும் விட்டுவிட முடியாது. என்னவரை நான் மோந்து பார்த்தேன், மூத்தாரை ஓரகத்தி மோந்து பார்த்தாள், இரண்டு பேரும் தேறினார்கள்.

கடைசிச் சட்டம் கயிறு. கூரையில் கட்ட வேறு உறுதியான இடம் இல்லை. அதனால் கரும்பு லோடு கட்டுகிற கயிற்றை முகட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் போட்டு, மேலே ஏறியதும் ஒரு முனையை இவர் இடுப்பில், மறு முனையை அவர் இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். ஒருவர் சறுக்கினால் மற்றவர் எடை இழுத்துப் பிடிக்கும். ஒருவர் அவிழ்த்துவிட்டால் மற்றவர் கதி அதோகதி. அதனால் யார் இறங்கினாலும், யார் தளர்த்தினாலும் முதலில் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். இரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள். பேசாதவர்கள் எப்படிச் சொல்லிக்கொள்வார்கள் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. இவ்வளவு யோசித்தவளுக்கு அது தோன்றவில்லை என்பதை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை.

அது எப்படி நடந்தது என்று கேளுங்கள். நான் சந்தின் தெற்கு முனையில், ஓரகத்தி வடக்கு முனையில். முகட்டுக்கு இந்தப் பக்கம் என் வீட்டுக்காரர், அந்தப் பக்கம் அவர் அண்ணன், இடையில் கை நீட்டினால் தொடுகிற தூரம். இவர் என்னைப் பார்த்து, கயிற்றைக் கொஞ்சம் விடச் சொல்லு என்பார். நான் மூத்தாரிடம் பேச முடியாது, ஓரகத்தியிடம் சொல்வேன். அவள் தன் புருஷனைப் பார்த்து, கயிற்றைக் கொஞ்சம் விடணுமாம் என்பாள். அவர் யோசித்துவிட்டு, கொஞ்சம்னா எவ்வளவு என்று கேட்கச் சொல்வார். கேள்வி ஓரகத்தியிடமிருந்து என்னிடம் வந்து, என்னிடமிருந்து மேலே போகும். இவர் சொன்னது அவர் காதில் தெளிவாக விழுந்திருக்கும். ஆனாலும் தன் பெண்டாட்டி வாயால் வரும் வரை விழாத மாதிரி, முகட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தும்மல்கூட அந்த வழியாகத்தான் போயிருக்கும் போல.

தெருவில் போன பால்காரர் சைக்கிளை நிறுத்தி, என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டே நின்றார். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஆனால் வேலை நடந்தது. பழைய மூடியை எடுத்தார்கள், கீழ்ப் பாதியை வைத்தார்கள், மேல் பாதியை ஏற்றினார்கள், போல்ட் போட ஆரம்பித்தார்கள். பரவாயில்லை, இந்த ஏற்பாடும் ஓடுகிறதே என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

அப்போது வாஷர் பொட்டலம் எங்கள் சரிவில் உருண்டு வாசலில் விழுந்தது. நான் எடுத்துக் கொடுத்தாலும் வாங்க என்னவர் ஏணியில் இறங்கித்தான் ஆக வேண்டும். கயிறு ஏணி வரை எட்டாது. அவர் என்னிடம், "நான் அவுத்துட்டு எறங்கறேன், முகட்டப் புடிச்சிக்க சொல்லு" என்றார். நான் சந்துப் பக்கம் திரும்பி, அக்கா என்று கூப்பிட்டேன். அக்கா இல்லை. வடக்குத் தெருவில் சிலிண்டர் வண்டி வந்திருந்தது. சிலிண்டர்காரர் ஓடிபி கேட்க, அவள் போனைத் தேடி உள்ளே போய்விட்டாள். நான் மறுபடியும் கத்தினேன். காலையிலிருந்து சொன்னதெல்லாம் போய்ச் சேர்ந்த பழக்கத்தில், நான் கத்தியதும் சேதி போய்விட்டது என்று எங்களவர் எடுத்துக்கொண்டார். அவிழ்த்துவிட்டு ஏணியில் கால் வைத்தார்.

நான் சந்துக்குள் ஓடினேன். நடுச் சந்தில் நின்றால் இரண்டு சரிவும் தெரியும். எங்கள் பக்கம் கயிற்றின் முனை சீட்டின்மேல் அனாதையாகக் கிடக்கிறது. அந்தப் பக்கம் மூத்தார் பலகையை விட்டுத் தள்ளி, உருவ மனசில்லாமல் முகட்டோரம் விட்டு வைத்திருந்த பேனர் துண்டின்மேல் குந்தியிருக்கிறார். இரண்டு கையும் கவனமும் ஸ்பேனரில்; தம்பி சொன்னது காதில் ஏறவில்லை. போல்ட்டை இழுத்து முறுக்க, கயிறு இருக்கிற தைரியத்தில் பின்னால் சாய ஆரம்பிக்கிறார்.

எனக்கு வழக்கமும் தெரியவில்லை, மரியாதையும் தெரியவில்லை.

"யோவ், முகட்டப் புடி!"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரிடம் நான் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். மனிதர் இந்தத் தடவை காதில் விழாத மாதிரி இருக்கவில்லை. ஸ்பேனரை விட்டுவிட்டு முகட்டின்மேல் அப்படியே விழுந்து கட்டிக்கொண்டார். கால் இரண்டும் பேனரில் வழுக்கிக்கொண்டு போயிற்று. ஸ்பேனர் சரிவெல்லாம் தட்டிக்கொண்டு போய் வடக்கு வாசலில் விழுந்தது. அவர் அக்குள் வரை முகட்டில் தொங்க, கால் பிடிமானம் தேடிச் சீட்டைத் தேய்த்தது.

ஏணியில் பாதி இறங்கியிருந்த என் வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அடுத்த நொடி மேலே ஏறினார். கயிறு இல்லாமல் ஏறக்கூடாது என்று சட்டம் போட்டவள் நான், வாயைத் திறக்கவில்லை. பலகைமேல் தவழ்ந்து போய், முகட்டின்மேல் குப்புறப் படுத்து, அண்ணனின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துவிட்டார். விழுந்தால் இரண்டு பேரும் சேர்ந்துதான் விழுவார்கள். எந்தக் கட்டிலில் யாரைப் படுக்க வைப்பது என்று மனசு அதன் பாட்டுக்குக் கணக்குப் போட்டது. அதை நினைத்து இப்போதும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

இரண்டு முகமும் ஒரு சாண் தூரத்தில் இருந்தன. மூன்று வருஷத்தில் அவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை. என் வீட்டுக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு, தலையை மட்டும் என் பக்கம் திருப்பினார்.

"அவர எடது கால பலகை மேல வெக்க சொல்லு."

என்னிடம் சொல்கிறார். கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு மூச்சில் பட, என்னிடம் சொல்கிறார். பழக்கதோஷத்தில் நானும் அக்கா என்று கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன். அப்புறம் வந்தது பாருங்கள் ஆத்திரம், பயமெல்லாம் அதில் பறந்து போய்விட்டது.

"நான் சொல்ல மாட்டேன்" என்றேன். "வாய் இருக்குதுல்ல? நீயே சொல்லு. இல்லன்னா ரெண்டு பேரும் அப்படியே கெடங்க."

என் வீட்டுக்காரர் உதடு அசைகிறது, வார்த்தை வரவில்லை. அத்தனை வருஷம் அடைத்து வைத்த வாய் சட்டென்று திறக்க மாட்டேன் என்கிறது. முதலில் பேசியது அண்ணன்தான். குரல் சின்னப் பிள்ளையுடையது மாதிரி வந்தது.

"டேய், பயமா இருக்குடா."

"நான் புடிச்சிருக்கேன்ணா. கீழ பாக்காத. எடது கால மேல கொண்டா, பலகை அங்கதான் இருக்கு."

கால் பலகையைத் தேடிக் கண்டுபிடித்தது. அப்புறம் வலது கால். அவர் முகட்டில் நெஞ்சை வைத்துச் சாய்ந்துகொண்டார். பிடித்த கையை இவர் விடவில்லை. நான் சந்திலேயே, சாக்கடை ஓரம், புடவையோடு உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நேரத்துக்கு ஓரகத்தி சிலிண்டரை உருட்டி உள்ளே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "இன்னா ஆச்சு, ஏன்டி கீழ குந்தினுக்கற?" என்று கேட்டாள். மேலேயிருந்து இரண்டு பேரும், கீழேயிருந்து நானும், ஒன்றும் இல்லை என்றோம்.

கயிற்றை மறுபடி கட்டிக்கொண்டு மிச்ச வேலையை முடித்தார்கள். அந்தப் போல்ட்டை இறுக்கு, இந்த வாஷரை எடு, பலகையைத் தள்ளு என்று எல்லாம் நேராகவே பேசிக்கொண்டார்கள். ஓரகத்தி வாயில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் அவளிடம் யோவ் விஷயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள், அப்புறம் அழுதாள், அப்புறம் மறுபடி சிரித்தாள். ஆனால் ஏணியில் இறங்கித் தரையில் கால் வைத்ததும் அண்ணன் வடக்கே பார்த்துப் போனார், தம்பி தெற்கே பார்த்து வந்தார். ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் அடித்த மழையில் இரண்டு பக்கமும் ஒரு சொட்டு இறங்கவில்லை. அதைப் பற்றியும் பேசிக்கொள்ளவில்லை. மேல பேசினீங்களே என்று நான் கேட்டதற்கு, அது பேச்சு இல்லை, வேலை என்றார் என்னவர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நைட் டூட்டி முடிந்து வீட்டுக்கு வருகிறேன், ஏணி கூரையில் சாய்ந்திருக்கிறது. பகீரென்றது. முகட்டை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று என்னவர் ஏறினாராம். மூத்தாரும் ஏறியிருக்கிறார். சட்டப்படி பலகை, சட்டப்படி கயிறு, எல்லாம் சரி. முகட்டுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்துகொண்டு, கரும்பு வெட்டுக்கு ஆள் கிடைக்காததைப் பற்றிப் பேசுகிறார்கள். இறங்கினார்கள். வடக்கே ஒருவர், தெற்கே ஒருவர்.

அதற்கடுத்த ஞாயிறும் முகட்டைப் பார்க்க வேண்டியிருந்தது. அதற்கடுத்த ஞாயிறும். எங்கள் கூரை மாதிரி பத்திரமாகப் பராமரிக்கிற கூரை இந்தக் கொம்யூன் பஞ்சாயத்து முழுவதிலும் இருக்காது. ஓரகத்திக்குச் சந்தோஷம், எப்படியோ பேசுகிறார்களே, விடு என்றாள். என்னால் விட முடியவில்லை. ஒழுகியபோதாவது மழைக்காலத்தில் மட்டும் பயந்தேன். இப்போது வாரா வாரம் பயப்பட வேண்டியிருக்கிறது. சனிக்கிழமை இரவு டூட்டியில் எனக்குக் கையே ஓடாது. ஊசி போட வேண்டிய நேரத்தில், கயிற்றைச் சரியாகக் கட்டுவாரா என்று யோசித்துக்கொண்டு நிற்பேன்.

ஒரு ஞாயிறு பொறுமை போய்விட்டது. பையைக்கூட உள்ளே வைக்கவில்லை. அவர்கள் மேலே நெல் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில் எங்கள் ஏணியின் கட்டை அவிழ்த்து, இழுத்துத் தரையில் போட்டேன். சந்து வழியாக வடக்கு வாசலுக்குப் போனேன். அவர்கள் ஏணியையும் எடு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஓரகத்தி தானே அவிழ்த்துக் கீழே கிடத்தினாள். பேச்சு நின்றது. இரண்டு தலை முகட்டிலிருந்து எட்டிப் பார்த்தன. வெயில் ஏற ஆரம்பித்திருந்தது.

என் வீட்டுக்காரர் என்னைப் பைத்தியமா என்று கேட்டார். மூத்தார் தன் பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் வானத்தைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் அவர் என்னைப் பார்த்தார்.

"ஏணிய வைம்மா."

"பேசறதா இருந்தா கீழ வந்து பேசுங்க மாமா. இல்லன்னா வெக்க மாட்டேன்."

இந்தத் தடவை மாமா என்றுதான் சொன்னேன். மேலே இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். சீட்டு சூடாகிக்கொண்டிருந்தது; ஒருவர் மாற்றி ஒருவர் உட்கார்ந்த இடத்தை மாற்றிக்கொண்டார்கள். கடைசியில் மூத்தார், வாழ்க்கையில் முதல் தடவையாக, என்னிடம் ஒரு யோசனை கேட்டார். யார் வாசலில் உட்கார்ந்து பேசுவது? அவன் வாசலுக்கு நான் முதலில் போக முடியாது, என் வாசலுக்கு அவன் முதலில் வர மாட்டான். அதுதானே மூன்று வருஷமாகப் பிரச்சினை என்றார். முகட்டில் அந்தத் தொல்லை இல்லை, அது யாருடையதும் இல்லை. அதனால்தான் ஞாயிறு தவறாமல் ஏறுகிறார்கள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பாவமாகவும் இருந்தது, ஓங்கி அறையலாம் போலவும் இருந்தது.

எங்கள் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் சேரைக் கொண்டுபோய்ச் சந்தின் நடுவில், சாக்கடையைத் தாண்டிப் போட்டேன். ஓரகத்தி தன் வீட்டிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து எதிரே போட்டாள். அப்புறம்தான் ஏணியை வைத்தோம். இரண்டு பேரும் இறங்கினார்கள். வடக்கேயும் போகவில்லை, தெற்கேயும் வரவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு, முழங்கால் இடிக்க, எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

நான் உள்ளே போய் யூனிபாரத்தைக்கூட மாற்றாமல் படுத்தேன். சந்திலிருந்து குரல் கேட்டது. முதலில் மெதுவாக ஏதோ பேசினார்கள். கொஞ்ச நேரத்தில் போர் தண்ணீர் முறையைப் பற்றி இரண்டு பேரும் கத்த ஆரம்பித்தார்கள். ஒருவர் நாற்காலி சுவரில் மோதுகிற சத்தம்கூட வந்தது. எழுந்து பார்க்கலாமா என்று நினைத்தேன். தரையில் போடுகிற சண்டைதானே. திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டேன்.